ஸ்விஃப்ட் கோடு, ஐபான், ஐஎஃப்எஸ்சி: வெளிநாட்டுப் பணம் சரியான கணக்கில் வந்து சேர

ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி, அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காகக் கும்பகோணத்து வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினான். ஸ்விஃப்ட் கோடு சரி, கணக்கு எண்ணும் சரி. ஆனாலும் பதினோராவது நாள் பணம் அவனுக்கே திரும்பிப் போனது. போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம், நாணய மாற்றில் கொஞ்சம் என்று கழிந்து, அனுப்பியதைவிடக் குறைவாகவே கைக்குக் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்கு நகையை அடகு வைத்தோம்.

என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஸ்விஃப்ட் கோடு பணத்தை வங்கியின் வாசல் வரைதான் கொண்டுவரும். வாசலிலிருந்து அம்மாவின் கணக்குக்கு அழைத்துப் போவது கணக்கு எண்ணும் பெயரும். அந்த இரண்டில் ஒன்று இடறினாலும் பணம் வந்த வழியே போய்விடும். அதன்பிறகு தெரிந்தவர்கள் பலருக்கு இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அதில் கற்றதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. கோடுகளின் ஆங்கில எழுத்துகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். கோடுகளுக்குள் வரும் ‘பி’ எல்லாமே பாம்பேயின் பி. படிவத்தில் இவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரும்.

முதல் படி: எந்த வழியில் அனுப்புகிறீர்கள்?

கோடு தேடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

வெளிநாட்டு வங்கியிலிருந்து நேராக இந்திய வங்கிக்கு அனுப்பினால் அது ஸ்விஃப்ட் வழி. அங்கே ஸ்விஃப்ட் கோடு கட்டாயம். துபாய், தோஹா, மஸ்கட் போன்ற ஊர்களின் எக்ஸ்சேஞ்ச் கடைகளிலோ பணம் அனுப்பும் செயலிகளிலோ அனுப்பினால் கதை வேறு. அவர்கள் இந்திய வங்கி ஒன்றோடு ஏற்பாடு வைத்திருப்பார்கள். அங்கே திர்ஹாமையோ யூரோவையோ வாங்கிக்கொண்டு, இங்கே ரூபாயாக நெஃப்ட், ஐஎம்பிஎஸ் போன்ற உள்நாட்டு வழிகளில் கணக்கில் போடுவார்கள். அதற்கு வேண்டியது ஐஎஃப்எஸ்சி, அதாவது இந்தியாவுக்குள் வங்கிக் கிளையைக் காட்டும் கோடு. சிங்கப்பூரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு 2023 பிப்ரவரியில் யுபிஐ–பேநவ் இணைப்பும் வந்தது. அதில் இணைந்த வங்கிகளில் கணக்கு இருந்தால் யுபிஐ ஐடி போதும்.

ஆகவே, “ஊரிலிருந்து கோடு அனுப்பு” என்று மட்டும் வீட்டுக்குச் செய்தி போடாதீர்கள். எந்தக் கோடு என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாஸ்புக்கில் முதலில் கண்ணில் படுவது எதுவோ அதுதான் வரும்.

இரண்டாம் படி: பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படிப்பது

பாஸ்புக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, எம்ஐசிஆர், வாடிக்கையாளர் எண் எல்லாம் நெருக்கமாக அச்சாகியிருக்கும். ஸ்விஃப்ட் கோடு பெரும்பாலும் இருக்காது. இதுதான் முதல் சிக்கல்.

எம்ஐசிஆர் 9 இலக்கம். காசோலையின் அடியில் காந்த மையில் அச்சாவதும் இதுதான். முதல் மூன்று இலக்கம் ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னை என்றால் 600 என்று தொடங்கும். இதற்கும் வெளிநாட்டுப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. படிவத்தில் எங்கும் எழுத வேண்டாம்.

ஐஎஃப்எஸ்சி 11 இடம். முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு இடம் கிளை.

ஸ்விஃப்ட் கோடு 8 இடம் அல்லது 11 இடம். முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு நாடு, அடுத்த இரண்டு இருப்பிடத்தைக் குறிப்பது, கடைசி மூன்று கிளை. இந்தக் கடைசி மூன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாரத ஸ்டேட் வங்கியின் கோடை எடுத்துக்கொள்வோம்: எஸ்-பி-ஐ-என், ஐ-என், பி-பி. முதல் நான்கு வங்கி. ஐ-என் என்றால் இந்தியா. பி-பி என்பது பம்பாய். இலங்கை வங்கியின் கோடு பி-சி-ஈ-ஒய், எல்-கே, எல்-எக்ஸ். நடுவில் வரும் எல்-கே இலங்கை. சிங்கப்பூர் என்றால் அதே இடத்தில் எஸ்-ஜி, மலேசியா என்றால் எம்-ஒய், அமீரகம் என்றால் ஏ-ஈ.

ஐஎஃப்எஸ்சி, ஸ்விஃப்ட் இரண்டுமே 11 இடம் இருக்கலாம். இரண்டும் ஒரே நான்கு எழுத்தில் தொடங்குவதும் உண்டு. ஸ்டேட் வங்கிக்கு இரண்டிலும் எஸ்-பி-ஐ-என். கனரா வங்கிக்கு இரண்டிலும் சி-என்-ஆர்-பி. இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு இரண்டிலும் ஐ-ஓ-பி-ஏ. அதனால்தான் ஒன்றை இன்னொன்றாக நினைத்து எழுதிவிடுகிறார்கள். பிரித்தறிய ஐந்தாவது இடத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் ஐஎஃப்எஸ்சி. ஐந்தும் ஆறும் சேர்ந்து ஐ-என் என்று இருந்தால் இந்திய வங்கியின் ஸ்விஃப்ட் கோடு. ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

முதல் நான்கு எழுத்து எல்லா வங்கிக்கும் ஒத்துப்போகும் என்றும் நம்ப வேண்டாம். ஆக்ஸிஸ் வங்கியின் ஐஎஃப்எஸ்சி யு-டி-ஐ-பி என்று தொடங்கும், ஏனென்றால் 2007 வரை அதன் பெயர் யுடிஐ வங்கி. ஸ்விஃப்ட் கோடோ ஏ-எக்ஸ்-ஐ-எஸ் என்று தொடங்கும். ஆகவே ஐஎஃப்எஸ்சியின் முதல் நான்கை எடுத்து ஐ-என் பி-பி ஒட்டி நீங்களாகவே ஸ்விஃப்ட் கோடு செய்துவிடக் கூடாது. அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்விஃப்ட் கோடைச் சிலர் பிக் என்பார்கள், சிலர் பிஐசி என்பார்கள். ஐரோப்பிய வங்கிப் படிவங்களில் அப்படித்தான் இருக்கும். எல்லாம் ஒன்றே.

கணக்கு எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. ஸ்டேட் வங்கி பாஸ்புக்கில் கணக்கு எண்ணும் 11 இலக்கம், சிஐஎஃப் என்ற வாடிக்கையாளர் எண்ணும் 11 இலக்கம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தைப் பார்த்துச் சிஐஎஃப் எண்ணைக் கணக்கு எண்ணாக எழுதுவது சர்வசாதாரணம். எழுதும்போது அதன் மேலுள்ள தலைப்பையும் படியுங்கள்.

இந்தக் கோடு உண்மையில் என்ன செய்கிறது?

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. ஸ்விஃப்ட் என்பது வங்கியில்லை. பணம் அதன் வழியாக ஓடுவதுமில்லை. 1973ல் 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் தொடங்கிய கூட்டுறவு அமைப்பு அது. 1977ல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் வங்கிகள் டெலெக்ஸில் செய்தி அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வங்கியும் தன் பாணியில் எழுதும், வாங்குகிறவர் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்விஃப்ட் அதற்கு ஒரே வடிவம் கொடுத்தது. எந்தக் கட்டத்தில் யார் பெயர், எதில் தொகை, எதில் வங்கி என்று வகுத்தது. அந்தச் செய்தி எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்பதற்கான முகவரிதான் ஸ்விஃப்ட் கோடு. பின்கோடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்கோடு கடிதத்தை அஞ்சலகம் வரை சேர்க்கும், வீட்டைக் கண்டுபிடிப்பது பெயரும் தெருவும்.

அப்படியானால் பணம் எப்படி நகர்கிறது? வங்கிகள் ஒன்றிடம் ஒன்று கணக்கு வைத்திருக்கின்றன. சென்னையில் உங்கள் கணக்கு இருக்கும் வங்கி, நியூயார்க் வங்கி ஒன்றில் டாலர் கணக்கு வைத்திருக்கும். இதை நாஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். துபாயிலிருந்து நீங்கள் டாலர் அனுப்பினால், அது நியூயார்க்கில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறும். சென்னை வங்கி தன் நியூயார்க் கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்த்து, இங்கே உங்களுக்கு ரூபாயாகத் தரும். நடுவில் நிற்கிற அந்த வங்கியை இடைநிலை வங்கி அல்லது கரஸ்பாண்டன்ட் வங்கி என்கிறோம். அது தன் பங்குக்குக் கட்டணம் எடுக்கும். 1000 டாலர் அனுப்பி 980 சேர்ந்தால், 20 டாலர் பெரும்பாலும் போன இடம் இதுதான்.

மூன்றாம் படி: சரியான ஸ்விஃப்ட் கோடைப் பெறுவது

இணையத்தில் தேடினால் நூறு தளங்கள் கோடு காட்டும். அவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சரியான இடங்கள் இரண்டே: உங்கள் வங்கியின் சொந்த இணையதளம், அல்லது உங்கள் கிளை.

கிளையில் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: “சார், ஜெர்மனியிலிருந்து யூரோவில் என் கணக்குக்குப் பணம் வரப்போகுது. எந்த ஸ்விஃப்ட் கோடு தரணும்? யூரோவுக்கு உங்க கரஸ்பாண்டன்ட் வங்கி எது?” நாணயத்தைச் சொல்லிக் கேட்பது முக்கியம். டாலருக்கு ஒரு இடைநிலை வங்கி, யூரோவுக்கு வேறொன்று, பவுண்டுக்கு இன்னொன்று. நிறைய வங்கிகள் இதை ஒரே தாளில் அச்சிட்டே வைத்திருக்கின்றன. கேட்டால் கொடுப்பார்கள்.

“எங்க கிளைக்கு ஸ்விஃப்ட் கோடு கிடையாது” என்று சொன்னால் பதற வேண்டாம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு இல்லை. அந்நியச் செலாவணியைக் கையாளும் கிளையின் கோடையோ தலைமை அலுவலகத்தின் கோடையோ கொடுப்பார்கள். எச்டிஎஃப்சி வங்கியின் எட்டெழுத்துக் கோடோடு சி-எச்-ஈ சேர்ந்தால் அது சென்னை. கும்பகோணத்துக் கணக்குக்கு வரும் பணம் சென்னைக்கோ மும்பைக்கோ வந்து, அங்கிருந்து கணக்கு எண்ணை வைத்து உள்ளுக்குள்ளேயே வந்துவிடும்.

சில படிவங்கள் 11 இடம் இருந்தால்தான் ஏற்கும். உங்களிடம் இருப்பது 8 என்றால், கடைசியில் மூன்று எக்ஸ் போடுங்கள். மூன்று எக்ஸ் என்றால் தலைமை அலுவலகம். எட்டெழுத்துக் கோடுக்கும் அதுவே அர்த்தம்.

பழைய பாஸ்புக் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2017ல் திருவாங்கூர் ஸ்டேட் வங்கி போன்றவை பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தன. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனராவோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்தது. அந்தப் பழைய கோடுகளை நம்பி அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவரின் செயலியில் பத்து வருடத்துக்கு முன் சேமித்த கோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். வங்கி மாறியது அவருக்குத் தெரிந்திருக்காது.

கோடைத் தொலைபேசியில் சொல்வதைத் தவிருங்கள். நம் காதுக்கு பாம்பேயின் பியும் பேப்பரின் பியும் ஒன்றாகவே கேட்கும், டெல்லியின் டியும் டீயின் டியும் அப்படித்தான். எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். ஓ எழுத்தா பூஜ்யமா, ஐ எழுத்தா ஒன்றா என்றும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நாடு தேர்ந்தெடுக்கும் பட்டியலிலும் தடுமாற்றம் வரும். சி-எச் என்பது சுவிட்சர்லாந்து, சீனா இல்லை. ஏ-டி ஆஸ்திரியா, ஏ-யு ஆஸ்திரேலியா.

நான்காம் படி: பெயர், அதாவது நம் இனிஷியல்

எங்கள் பணம் திரும்பிப் போனது இந்த இடத்தில்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரின் முதலெழுத்து இனிஷியல், பின்னால் நம் பெயர், அவ்வளவுதான். வெளிநாட்டுப் படிவமோ முதல் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம் என்று கேட்கும், இரண்டையும் நிரப்பாமல் விடாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருப்போம். பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும். பான் அட்டையில் மூன்றாவது மாதிரி. பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், பிற்பாடு எடுத்த ஆதாரில் கணவரின் இனிஷியல் இருக்கும்.

என் தம்பி என்ன செய்தான்? அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, முதல் பெயரில் அம்மா பெயர், குடும்பப் பெயரில் அப்பாவின் முழுப்பெயர் என்று எழுதினான். அவன் வங்கியின் படிவம் குடும்பப் பெயரை முன்னால் தூக்கிப்போட்டு அனுப்பிவிட்டது. இங்கே வந்த செய்தியில் முதலில் நின்றது அப்பாவின் பெயர். கணக்கோ அம்மாவுடையது, ஒரே ஓர் இனிஷியலோடு. இங்குள்ள வங்கியில் பொருத்திப் பார்த்தவருக்குப் பெயர் ஒத்துவரவில்லை. விளக்கம் கேட்டுச் செய்தி போனது, பதில் வரவில்லை, பணம் திரும்பியது.

இப்போது நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதாதீர்கள். பாஸ்புக்கில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ‘எஸ். முருகன்’ என்றிருந்தால் முதல் பெயரில் முருகன், குடும்பப் பெயரில் எஸ். ஓர் எழுத்தைப் படிவம் ஏற்க மறுத்தால், இரண்டையும் சேர்த்து நிறுவனப் பெயர் போல ஒரே கட்டத்தில் எழுத வழி இருக்கிறதா என்று அந்த வங்கியிடம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் இங்கே கிளைக்குப் போய், பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துக் கணக்கின் பெயரையே இனிஷியல் விரித்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள் அலைச்சல், அப்புறம் ஆயுளுக்கும் நிம்மதி. என் அம்மா கணக்குக்கு அதைத்தான் செய்தோம்.

பெயரில் வங்கிகள் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தப் பிடிவாதம் ஒருமுறை பெரிய தொகையையே காப்பாற்றியிருக்கிறது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கி, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் வைத்திருந்த கணக்கிலிருந்து 95 கோடி டாலர் அளவுக்கு எடுக்கத் திருடர்கள் போலி ஸ்விஃப்ட் செய்திகள் அனுப்பினார்கள். அதில் 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அமைப்பின் கணக்குக்கு. ‘ஃபவுண்டேஷன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபன்டேஷன்’ என்று எழுத்துப் பிழை. நடுவில் இருந்த டாய்ச்செ வங்கி அதைக் கண்டு விளக்கம் கேட்டது, இலங்கைக்குப் போன பணம் மீட்கப்பட்டது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8.1 கோடி டாலர் திருடர்கள் கைக்குப் போய்விட்டது.

பெயரோடு முகவரியையும் முழுதாக எழுதுங்கள். தெரு, ஊர், பின்கோடு, நாடு. 2025 நவம்பரோடு ஸ்விஃப்டில் பணம் அனுப்பும் செய்திகள் ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன. அதில் ஊருக்கும் நாட்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: ஐபான் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

ஐபான் என்பது வங்கியின் கோடு இல்லை. நாடு, வங்கி, கணக்கு எண் எல்லாம் சேர்த்துக் கட்டிய ஒரே நீளமான எண். ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் இது கட்டாயம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இது இல்லை. “உங்கள் இந்திய ஐபான் என்ன?” என்று படிவம் கேட்டால், கணக்கு எண்ணை மட்டும் எழுதுங்கள். இந்தியாவுக்கு ஐபான் உருவாக்கித் தருவதாகச் சொல்லும் தளங்களை நம்பாதீர்கள்.

நீளம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரு நாட்டுக்குள் மாறாது. அமீரகம் 23, சவூதி 24, கத்தார் 29, குவைத் 30, ஜெர்மனி 22, பிரிட்டன் 22, பிரான்ஸ் 27. எண்ணிப் பார்த்து ஓர் இடம் குறைந்தாலே தப்பு என்று தெரிந்துகொள்ளலாம். அமீரகத்து ஐபானைப் பிரித்தால்: ஏ-ஈ என்ற நாட்டெழுத்து, இரண்டு சரிபார்ப்பு இலக்கம், மூன்று இலக்கம் வங்கி, பதினாறு இலக்கம் கணக்கு.

அந்த இரண்டு சரிபார்ப்பு இலக்கம் அருமையான ஏற்பாடு. முதல் நான்கு இடத்தைக் கடைசிக்குக் கொண்டுபோய், எழுத்துகளை எண்ணாக்கி (ஏ என்றால் 10, பி என்றால் 11, இப்படியே 35 வரை), மொத்தத்தையும் 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ மீதி வேறாகும். உங்கள் வங்கிச் செயலி அந்த நிமிடமே சிவப்பு காட்டும். நம் நாட்டுக் கணக்கு எண்ணை அனுப்பும் வெளிநாட்டுப் படிவத்தில் இந்தக் காவல் இல்லை. ஆகவே நாம்தான் இருமுறை படிக்க வேண்டும். நான் பின்னாலிருந்து முன்னாக ஒருமுறை படிப்பேன், கண் தாவிப்போகாது.

இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுபவர்களுக்கு: அமெரிக்காவுக்கு ஸ்விஃப்ட் கோடோடு 9 இலக்க ரூட்டிங் எண்ணும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கு 6 இலக்க பிஎஸ்பி. கனடாவுக்கு 5 இலக்கக் கிளை எண்ணும் 3 இலக்க வங்கி எண்ணும். பிரிட்டனின் 6 இலக்க சார்ட் கோடு அவர்களுடைய ஐபானுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இலங்கைக்குள் பணம் போக 4 இலக்க வங்கி எண்ணும் 3 இலக்கக் கிளை எண்ணும் பயன்படும். இலங்கை வங்கி என்றால் 7010, மக்கள் வங்கி என்றால் 7135. இந்தியாவிலிருந்து அனுப்பத் தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் என்பது ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தின் உச்சவரம்பு. அதற்கு ஏ2 படிவம் நிரப்ப வேண்டும், பான் எண் வேண்டும்.

ஆறாம் படி: படிவத்தின் மற்ற கட்டங்கள்

கட்டணம் யாருடையது என்று ஒரு கட்டம் இருக்கும். ஓ-யு-ஆர் என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவர் தலையில். எஸ்-எச்-ஏ என்றால் அவரவர் பக்கத்துக் கட்டணம் அவரவருக்கு. பி-ஈ-என் என்றால் எல்லாம் பெறுகிறவர் தலையில். கல்லூரிக் கட்டணம், வீட்டு முன்பணம் போல ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாத இடத்தில் ஓ-யு-ஆர் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு எஸ்-எச்-ஏ போதும்.

எந்த நாணயத்தில் அனுப்புவது? வங்கி வழி என்றால் வெளிநாட்டு நாணயத்திலேயே அனுப்பி, இங்குள்ள வங்கி மாற்றிக்கொள்ளட்டும் என்பதே பெரும்பாலும் சிக்கலில்லாத வழி. ஆனால் இரண்டு பக்க மாற்று விகிதத்தையும் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்பவர்கள் விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

என்ன காரணத்துக்கு என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். இந்தியாவுக்குள் வரும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பணத்துக்கும் ரிசர்வ் வங்கி ஒரு பர்ப்பஸ் கோடு வைத்திருக்கிறது. குடும்பப் பராமரிப்பு, சேமிப்பு என்றால் 1301, அன்பளிப்பு என்றால் 1302, மென்பொருள் ஆலோசனை வேலைக்கு 0802. எல்லாவற்றுக்கும் முன்னால் ‘பர்ப்பஸ்’ என்பதன் முதலெழுத்து வரும். வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் பிள்ளைகள், சம்பாத்தியத்தைக் குடும்பப் பராமரிப்பு என்று எழுதச் சொல்கிறார்கள். அது தவறு, வரிக் கணக்கில் பின்னால் சிக்கும். வந்த பணத்துக்கு வங்கியிடம் உள்வரவுச் சான்று கேட்டு வாங்கி வையுங்கள். எஃப்ஐஆர்சி என்றோ எஃப்ஐஆர்ஏ என்றோ கேட்டால் தருவார்கள்.

ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு

இதைத் தனியாகவே எழுத வேண்டும். சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் கும்பாபிஷேகத்துக்குக் காசு சேர்த்து, அறக்கட்டளைக் கணக்கின் எண்ணும் ஸ்விஃப்ட் கோடும் வாங்கி, நல்ல மனதோடு அனுப்பிவிடுகிறார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழி அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், அவர் தமிழ்நாட்டில் பிறந்தவராகவே இருந்தாலும், கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். அந்தக் கிளையின் ஸ்விஃப்ட் கோடு எஸ்-பி-ஐ-என்-ஐ-என்-பி-பி-104. ஊர்க் கிளையின் கோடு கொடுத்தால் பணம் நிற்கும், அறக்கட்டளைக்கும் தலைவலி வரும். அனுப்பும் முன் தர்மகர்த்தாவிடம் பதிவு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஏழாம் படி: அனுப்பும் முன்பு

பெரிய தொகை என்றால் முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்புங்கள். கட்டணம் இரண்டு முறை ஆகும்தான். நிலம் வாங்க அனுப்பும் பணத்துக்கு அந்தக் கட்டணத்தைப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

ஸ்விஃப்ட் கோடு, ஐஎஃப்எஸ்சி, கணக்கு எண் ஆகியவற்றைப் பணம் அனுப்புகிறவருக்குச் சொல்வதில் ஆபத்தில்லை. பணம் வருவதற்கு ஓடிபி, ஏடிஎம் எண், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. “பணம் வந்திருக்கு, விடுவிக்க ஓடிபி சொல்லுங்க” என்று எவராவது அழைத்தால் உடனே தொலைபேசியை வையுங்கள். திருப்பூர், கரூர்ப் பக்கம் ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்களுக்கு வேறு மாதிரி மோசடி வருகிறது. நீங்கள் வழக்கமாகப் பணம் அனுப்பும் நிறுவனத்திடமிருந்து, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய ஸ்விஃப்ட் கோடு இதோ” என்று மின்னஞ்சல் வரும். முகவரியில் ஓர் எழுத்துதான் மாறியிருக்கும். அந்த மின்னஞ்சலுக்கே பதில் போட்டு உறுதிசெய்யாதீர்கள். உங்களிடம் ஏற்கனவே இருக்கும் எண்ணுக்கு அழைத்து, தெரிந்த குரலிடம் கேளுங்கள்.

எட்டாம் படி: பணம் வரவில்லை என்றால்

முதல் இரண்டு மூன்று வேலைநாள் பொறுங்கள். வளைகுடாவில் சிலவற்றுக்கு வெள்ளி விடுமுறை, இங்கே ஞாயிறும் இரண்டாம், நான்காம் சனியும் விடுமுறை, நடுவில் நியூயார்க்கின் விடுமுறை. இதிலேயே நாட்கள் ஓடிவிடும்.

அதற்கு மேல் போனால், அனுப்பியவர் தன் வங்கியிடம் யுஇடிஆர் எண் கேட்க வேண்டும். 36 இடம் கொண்டது, நடுநடுவே இணைப்புக்குறி (-) போட்டு ஐந்து துண்டாக இருக்கும். 2018 நவம்பரிலிருந்து ஸ்விஃப்டில் போகும் எல்லாப் பண அனுப்பல் செய்திக்கும் இந்த எண் கட்டாயம். கூரியர் எண்ணைப் போல, பணம் எந்த வங்கியில் நிற்கிறது, எவ்வளவு கட்டணம் கழிந்தது என்று இதை வைத்து வங்கியால் பார்க்க முடியும். கூடவே அனுப்பிய செய்தியின் நகலையும் கேளுங்கள். செய்தியின் வடிவம் மாறிவிட்டாலும் கவுன்டரில் இன்னும் பழைய பெயரில் ‘எம்டி 103 காப்பி’ என்று கேட்டால்தான் புரியும்.

அந்த நகலில் முதலில் பார்க்க வேண்டியது பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் எப்படிப் போயிருக்கிறது என்பதை. நீங்கள் எழுதியதும் செய்தியில் போனதும் வேறாக இருக்கலாம், எங்களுக்கு நடந்தது போல. பிழை தெரிந்தால், அனுப்பிய வங்கி வழியாகத் திருத்தச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். இங்குள்ள கிளையிடம் நீங்கள் கெஞ்சினாலும், அனுப்பிய வங்கியிடமிருந்து திருத்தம் வராமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதே நேரத்தில் இங்கே ஒரு கடிதம் கொடுத்து, யுஇடிஆர் எண்ணைக் குறிப்பிட்டு, பணத்தை உடனே திருப்பாமல் திருத்தத்துக்குக் காத்திருக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்தக் கடிதம் கொடுக்க யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் கொடுத்திருந்தால் நகை வீட்டிலேயே இருந்திருக்கும்.

வேறு ஒருவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டால்தான் கஷ்டம். அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காமல் வங்கி பணத்தை எடுத்துத் தராது. அனுப்பிய வங்கி வழி ரீகால், அதாவது பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை, கேட்க வேண்டும், இங்கே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) இணையதளத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது. ஒப்புகைச் சீட்டும் எம்டி 103 நகலும் கையில் இருக்கட்டும், அங்கே முதலில் கேட்பது அவற்றைத்தான்.